புள்ளிகளுக்கு நிறம் கொடுங்கள்

கணக்குப் புத்தகத்தை நம்பாத வியாபாரி நட்டப்படுவான். அதை அளவுக்கு மேல் நம்புகிறவனும் நட்டப்படுவான். இதில் இரண்டாவது நட்டம் எனக்கு வரவிருந்தது. பணம் மட்டும் போயிருந்தால் அதை இந்தப் பக்கத்தில் எழுதியிருக்க மாட்டேன். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஓர் உறவும் சேர்ந்து போகவிருந்தது. அதைக் காப்பாற்றியது கம்பியூட்டரில் போட்ட ஒரு சின்னப் படம். அந்தப் படத்தைப் போடும் முறையை எழுதுவதுதான் நோக்கம். ஆனால் கதையைச் சொல்லாமல் முறையை மட்டும் சொன்னால் மனதில் நிற்காது. ஆகவே கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

அரியாலைக் கரையில்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் போனால் நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் வருகிறது அரியாலை. தெற்கே இறங்கினால் கடல்நீரேரி. அந்தக் கரையில் நான் உயிர் நண்டு வாங்குகிறேன். கொடுக்கைக் கட்டி, கூடையில் அடுக்கி, ஈரச் சாக்கால் மூடிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். நண்டு உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் விலை. வழியில் செத்ததைக் கழித்து, மீதியை நிறுத்து, அந்த நிறைக்குத்தான் கொழும்பு முதலாளி சிட்டை எழுதுவார். இங்கே நிறுத்தது நூறு கிலோ என்றால் அங்கே நூறு வராது. எவ்வளவு குறைகிறது என்பதில்தான் எங்கள் இலாபமும் நட்டமும் இருக்கிறது.

எனக்காக அரியாலையில் இரண்டு பேர் நண்டு சேர்த்துக் கட்டி அனுப்புகிறார்கள். ஒருவர் பெரியவர், அறுபத்தைந்தைத் தாண்டியவர். மற்றவர் முப்பது வயதுக்காரர். பெயர் வேண்டாம், பெரியவர், இளையவர் என்றே வைத்துக்கொள்வோம்.

பெரியவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது எனக்கு இருபது வயது. சோனகத் தெருவில் வாப்பாவின் கடை அப்படியே நின்றது. கடன் புத்தகத்தைக்கூட எடுத்துவர முடியவில்லை. நைலோன் வலை கடனுக்கு வாங்கியவர்களில் இந்தப் பெரியவரும் ஒருவர். 1995 இல், அதே ஒக்டோபர் 30 இல், அவர்களும் இடம்பெயர வேண்டி வந்தது. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகு வாப்பா வீட்டைப் பார்க்கப் புத்தளத்திலிருந்து வந்தார். கேள்விப்பட்டுச் சைக்கிளில் வந்து சேர்ந்தவர் இந்தப் பெரியவர். கையில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பி. அதற்குள் தான் தர வேண்டிய கணக்கும், அந்தப் பணமும். வாப்பாவுக்கு ஞாபகமே இல்லாத கடன் அது. வாங்கும்போது வாப்பா அழுதார்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் நிறுத்திவிட இருந்தேன்.

முதல் படம்: குற்றம் சாட்டியது

ஒரு பருவத்தில் நிறைக்குறைவு கையைக் கடிக்கத் தொடங்கியது. சிட்டைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். விளங்குவதற்காக ஐந்து கிழமைக் கணக்கை மட்டும், எண்களை முழுமைப்படுத்தித் தருகிறேன். மணி என்பது கூடை கட்டியதிலிருந்து கொழும்பில் இறக்கும் வரையான நேரம். கிலோ என்பது நூறு கிலோவுக்கு ஏற்பட்ட குறைவு.

முதலாம் கிழமை: இளையவர் 10 மணி, 3.5 கிலோ. பெரியவர் 14 மணி, 4.5 கிலோ.
இரண்டாம் கிழமை: இளையவர் 9 மணி, 3 கிலோ. பெரியவர் 13 மணி, 4 கிலோ.
மூன்றாம் கிழமை: இளையவர் 12 மணி, 4.5 கிலோ. பெரியவர் 15 மணி, 5 கிலோ.
நான்காம் கிழமை: இளையவர் 11 மணி, 4 கிலோ. பெரியவர் 12 மணி, 3.5 கிலோ.
ஐந்தாம் கிழமை: இளையவர் 13 மணி, 5 கிலோ. பெரியவர் 16 மணி, 5.5 கிலோ.

உண்மையைச் சொன்னால், நான் அப்போது மணியைப் பார்க்கவே இல்லை. கிலோவை மட்டும் கூட்டி ஐந்தால் பிரித்தேன். இளையவருக்குச் சராசரி 4 கிலோ. பெரியவருக்கு 4.5 கிலோ. எக்செல்லில் கோட்டு வரைபும் போட்டேன். கீழே கிழமை, மேலே குறைவு. ஐந்து கிழமையில் நான்கில் பெரியவரின் கோடு மேலே நின்றது. எனக்கு அது போதுமாக இருந்தது. வயதாகிவிட்டது, கவனம் குறைந்துவிட்டது, அல்லது வேறு ஏதோ நடக்கிறது என்று மனம் போனது. அந்த ‘வேறு ஏதோ’ என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வியாபாரியின் மனம் சந்தேகம் என்றால் சீக்கிரம் ஓடும்.

இரண்டாவது படம்: ஒன்றும் சொல்லாதது

கணக்கியல் படிக்கும் என் மகள் அந்தத் தாளைப் பார்த்தாள். “வாப்பா, ரெண்டு பேருடைய சாமானும் ஒரே நேரத்திலயா போய்ச் சேருது?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப கீழ கிழமையப் போடாம மணியைப் போட்டுப் பாருங்க” என்றாள்.

அப்படிப் போடும் படத்துக்கு எக்செல்லில் ‘ஸ்கேட்டர்’ என்று பெயர். நாங்கள் புள்ளி வரைபு என்போம். ஒவ்வொரு அனுப்புதலும் ஒரு புள்ளி. கிடை அச்சில் மணி, நிலைக்குத்து அச்சில் நிறைக்குறைவு. கோட்டு வரைபுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கோட்டு வரைபு கீழே இருப்பதை வெறும் பெயராக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் வைத்துவிடும். 9 மணியும் 10 மணியும் 16 மணியும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகள். புள்ளி வரைபு எண்ணை எண்ணாகப் பார்க்கும். 10 க்கும் 16 க்கும் இடையே ஆறு மணித்தியால இடைவெளியைக் காட்டும்.

பத்துப் புள்ளியையும் போட்டேன். மணி கூடக் கூடக் குறைவும் கூடுவது தெரிந்தது. ஆனால் 12 மணிக்கு நேரே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி. 13 மணிக்கு நேரேயும் அப்படியே. ஒரே மணித்தியாலம் போன சாமானில் ஒன்று அதிகம் குறைந்திருக்கிறது, மற்றது கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. எல்லாமே நீல நிறம். “இதில எது யாருடையது வாப்பா?” என்று மகள் கேட்டாள். படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது படம்: இரண்டு நிறம்

அவள் அதே பத்துப் புள்ளியை இரண்டு தொடராகப் பிரித்தாள். இளையவருக்கு நீலம், பெரியவருக்குச் சிவப்பு. பார்த்தவுடன் நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீலப் புள்ளிகள் ஒரு கோட்டில் ஏறின. சிவப்புப் புள்ளிகளும் ஒரு கோட்டில் ஏறின. ஆனால் சிவப்புக் கோடு நீலக் கோட்டுக்குக் கீழே கிடந்தது! 12 மணியில் இளையவருக்கு 4.5, பெரியவருக்கு 3.5. 13 மணியில் இளையவருக்கு 5, பெரியவருக்கு 4. ஒரே நேரம் எடுத்தால் பெரியவரின் கூடையில் ஒரு கிலோ குறைவாகவே நட்டம்.

அப்படியென்றால் சராசரியில் அவர் ஏன் மோசமாகத் தெரிந்தார்? அவருடைய சாமான் சராசரியாக 14 மணித்தியாலம் பயணம் போயிருக்கிறது. இளையவருடையது 11 மணித்தியாலம்தான். இருவருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அரைக் கிலோ குறைகிறது. பெரியவர் பக்கத்தில் நண்டு பின்னேரம்தான் சேரும் என்பதால் பல இடங்களில் நின்று போகும் லொறியை அவருக்கு ஒதுக்கியது யார்? நான்தான். என் ஏற்பாட்டின் குற்றத்தை அவர் தலையில் எழுதியிருந்தேன்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

இனி முறை. எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் கல்க்கிலோ கூகுள் ஷீட்ஸிலோ இதைச் செய்யலாம்.

முதலில் தாளை ஒழுங்குபடுத்துங்கள். முதலாம் நிரலில் மணி. இரண்டாம் நிரலில் இளையவரின் குறைவு. மூன்றாம் நிரலில் பெரியவரின் குறைவு. தலைப்பை மேல் நிரையில் எழுதுங்கள். பிறகு பத்து அனுப்புதலையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். அது இளையவருடையது என்றால் இரண்டாம் நிரலில் எண், மூன்றாம் நிரல் வெறுமை. பெரியவருடையது என்றால் இரண்டாம் நிரல் வெறுமை, மூன்றாம் நிரலில் எண். இந்தப் படிக்கட்டு அமைப்புத்தான் இரகசியம். மூன்று நிரலையும் தலைப்போடு தெரிவு செய்து ‘இன்செர்ட்’ போய் ‘ஸ்கேட்டர்’ கொடுத்தால், எக்செல் முதலாம் நிரலைக் கிடை அச்சாக எடுத்துக்கொண்டு மற்ற ஒவ்வொரு நிரலையும் தனி நிறத் தொடராகப் போட்டுத் தரும். மூன்று பேர் என்றால் நான்கு நிரல். அவ்வளவுதான்.

ஒவ்வொருவர் கணக்கும் வேறு வேறு தாளில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. படத்தின் மேல் வலது சொடுக்கு, ‘செலக்ட் டேட்டா’, பிறகு ‘ஆட்’. தொடரின் பெயர், எக்ஸ் எண்கள், வை எண்கள் என்று மூன்று பெட்டி வரும். ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தைத் தெரிவு செய்து ஓகே கொடுங்கள். அடுத்த ஆளுக்கு மறுபடியும் ‘ஆட்’.

நான் விழுந்த குழிகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: இளையவர் மணி, இளையவர் குறைவு, பெரியவர் மணி, பெரியவர் குறைவு என்று நான்கு நிரலைப் பக்கத்தில் வைத்து ஒரேயடியாகத் தெரிவு செய்தேன். எக்செல் பெரியவரின் மணியையும் ஒரு குறைவுக் கணக்காக எடுத்து உச்சியில் புள்ளி போட்டது. அதற்கு முதலாம் நிரல் மட்டுமே கிடை அச்சு.

இரண்டு: ‘10 மணி’ என்று கட்டத்தில் எழுதினேன். எண்ணோடு எழுத்தும் சேர்ந்தால் எக்செல் அதை எண்ணாக எடுக்காது. ஒரு கட்டத்தில் அப்படி இருந்தாலே அந்தத் தொடர் முழுவதற்கும் 1, 2, 3 என்று தானே இலக்கம் போட்டுக்கொள்ளும். எக்ஸ் பெட்டியை வெறுமையாக விட்டாலும் இதே கதைதான். 10 என்று மட்டும் எழுதுங்கள்.

மூன்று: பத்தரை மணித்தியாலத்தை 10:30 என்று எழுதினேன். அது எக்செல்லுக்கு ஒரு நாளின் பின்னம், 0.4375. ஆகவே 10.5 என்று எழுத வேண்டும்.

நான்கு: வெறுமையாக விட வேண்டிய கட்டத்தில் பூச்சியம் போட்டேன். பூச்சியமும் ஓர் எண் அல்லவா? அந்தப் புள்ளிகள் படத்தின் அடியில் போய் வரிசையாகப் படுத்துக்கொண்டன. நட்டமே இல்லாத அனுப்புதல்கள் என்று யாராவது நினைத்துச் சந்தோஷப்படலாம்.

புள்ளிகள் ஒழுங்காக வந்த பிறகு, ஒரு தொடரின் மேல் வலது சொடுக்குக் கொடுத்து ‘ஆட் டிரெண்ட்லைன்’ போட்டால் அந்தத் தொடருக்கு மட்டும் போக்குக் கோடு கீறிக் காட்டும். ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனியே போட வேண்டும். கறுப்பு வெள்ளையில் அச்செடுக்கிறவர்கள் நிறத்தை மட்டும் நம்பாமல், ஒன்றுக்கு வட்டம், மற்றதற்கு முக்கோணம் என்று வடிவத்தையும் மாற்றுங்கள். ஒரு படத்தில் ஐந்தாறு தொடருக்கு மேல் போனால் கண் தடுமாறும்.

படித்தவர்களும் தடுக்கி விழுந்த இடம்

இது அரியாலை நண்டுக்கு மட்டும் உள்ள சங்கதி அல்ல. 1973 இல் அமெரிக்காவின் பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் நூற்றுக்கு 44 பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் நூற்றுக்கு 35 பேருக்குத்தான் கிடைத்தது. பெண்களுக்கு அநீதி நடந்திருக்கிறது என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்கே பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். இந்த ஆய்வு 1975 இல் வெளிவந்தது. பெண்களுக்குக் கடினமான துறை, எங்கள் பெரியவருக்குப் பிந்திய லொறி. இரண்டும் ஒரே கணக்குத்தான். இந்த வகைப் புதிரை எட்வர்ட் சிம்ப்சன் 1951 இல் விளக்கி எழுதினார். அவர் பெயரால்தான் இன்று அது அழைக்கப்படுகிறது.

புள்ளி வரைபிலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னுமொரு கணக்கு இருக்கிறது. ஐரிஸ் என்ற பூவின் மூன்று இனங்களில் இனத்துக்கு ஐம்பதாக 150 பூக்களின் அளவுகளை ரொனால்ட் பிஷர் 1936 இல் வெளியிட்டார். புள்ளிவிபரம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அதில்தான் பழகுகிறார்கள். பூவின் வெளியிதழ் நீளத்தைக் கீழேயும் அகலத்தை மேலேயும் வைத்து ஒரே நிறத்தில் புள்ளி போட்டால், நீளம் கூடும்போது அகலம் கொஞ்சம் குறைவதுபோலத் தெரியும். மூன்று இனத்துக்கும் மூன்று நிறம் கொடுத்தால் கதை தலைகீழாகிவிடும். ஒவ்வொரு இனத்துக்குள்ளும் நீளம் கூடினால் அகலமும் கூடுகிறது. புள்ளி ஒன்றும் மாறவில்லை, நிறம் மட்டுமே சேர்ந்தது.

எங்கள் கடைகளில்

புடவைக் கடைக்காரர் கடன் கொடுத்த நாட்களைக் கீழேயும் வராமற்போன தொகையை மேலேயும் வைத்து, ஊருக்கு ஒரு நிறம் கொடுத்துப் பார்க்கலாம். லொறி வைத்திருப்பவர் ஏற்றிய பாரத்தைக் கீழேயும் குடித்த டீசலை மேலேயும் வைத்து, சாரதிக்கு ஒரு நிறம் கொடுக்கலாம். மலைநாட்டுக்கு ஓடுகிறவரையும் புத்தளத்துக்கு ஓடுகிறவரையும் ஒரே தட்டில் நிறுக்காமல் இருக்க, பாதைக்கு ஒரு நிறம் கொடுத்து இன்னொரு படமும் போட வேண்டும். எதைக் கீழே வைப்பது, யாருக்கு நிறம் கொடுப்பது என்பதைக் கம்பியூட்டர் சொல்லாது. தொழிலை அறிந்த உங்களுக்குத்தான் அது தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். படம் சாட்சி சொல்லும், ஆனால் தீர்ப்பு எழுதாது. பத்துப் புள்ளி மிகக் குறைவு. பத்தைப் பார்த்து ஒருவரைக் குற்றவாளி என்பதும் தவறு, அதே பத்தைப் பார்த்து மற்றவரைக் குற்றவாளி ஆக்குவதும் தவறு. இளையவரின் கோடு மேலே நிற்கிறது என்றால் காரணத்தை ஆளிடம் போய்க் கேட்க வேண்டும்.

போய்க் கேட்டேன். பெரியவர் கூடை கட்டும்போது பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தேன். சாக்கை உப்புத் தண்ணியில் நனைத்து, பிழிந்து, அடியிலும் மேலிலும் போடுகிறார். கட்டிய கூடையை லொறி வரும்வரை வெயிலிலும் வைப்பதில்லை, காற்று அடிக்கும் இடத்திலும் வைப்பதில்லை. நண்டின் பூவில் ஈரம் காய்ந்தால் அது தாங்காது என்றார். இளையவர் மேலே மட்டும்தான் சாக்குப் போட்டு வந்திருக்கிறார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவும் என் குறைதான். இப்போது பெரியவரிடம் பழகிக்கொண்டார். பெரியவரின் சாமானுக்கு நேரே கொழும்பு போகும் வாகனத்தை மாற்றிக் கொடுத்தேன். வாடகை கொஞ்சம் கூடத்தான். மணிக்கு அரைக் கிலோ என்ற கணக்கை வைத்துப் பார்த்தால் கட்டுப்படியாகிறது.

படத்தைக் கடதாசியில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நான் என்ன நினைத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வந்திருக்காது. பெரியவர் கண்ணாடியைப் போட்டுச் சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை.

“தம்பி, லொறி பிந்துது எண்டு நான் உங்களுக்கு ரெண்டு தரம் சொன்னனான். நீங்கள் சிட்டையில இருக்கிற தொகையைத்தான் பாத்தனீங்கள்” என்றார்.

உண்மைதான். இரண்டு தரமும் சொல்லியிருக்கிறார். அந்தக் கடதாசியை அவர் திருப்பித் தரவில்லை. மடித்து, தன் கணக்குக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.